பூகாவில் கொதிக்கும் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. டெல்லிக்காரர்களுக்கு வெந்நீர் ஊற்று என்றதும் பக்கத்து ஹரியானாவில் இருக்கிற சோனா ஊர்தான் ஞாபகம் வரும், காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நான் இன்று பேச வந்தது லடாக்கில் இருக்கிற பூகாவைப் பற்றி. குடும்பத்தோடு போய் வந்தோம், இன்னும் மனசு அங்கேயேதான் இருக்கிறது.

முதலில் ஒன்று. லடாக்கின் பெரிய ஊரான லே சுமார் 3,500 மீட்டர் உயரம், பூகா சுமார் 4,400. அதனால் லேயில் இறங்கியதும் இரண்டு நாள் பேசாமல் ஓய்வெடுங்கள், இதில் அவசரமே வேண்டாம். அப்புறம் சிந்து நதியை ஒட்டியே பாதை, பெரும்பாலும் மரம் கிடையாது, மொட்டை மலையும் வெயிலும் குளிர்காற்றும்தான். மாஹே பாலத்தில் ஆற்றைத் தாண்டித் திரும்ப வேண்டும்.

பூகாவில் வண்டியை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்ததும் காலடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். குனிந்து பார்த்தால் தரையெல்லாம் வெள்ளையாகப் பொருக்கு. வெண்காரம்! ஆசாரி நகை பற்றவைக்கும்போது தொட்டு வைப்பாரே, அதேதான். பக்கத்திலேயே மஞ்சள் மஞ்சளாகக் கந்தகம், அந்த வாசனை சட்டையை விட்டுப் போக இரண்டு நாளாயிற்று. நடுவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது.

இங்கே எரிமலை எதுவும் இல்லை. இந்திய நிலப்பரப்பு ஆசியாவோடு மோதி ஒட்டிக்கொண்ட தையல் இந்தப் பக்கமாகத்தான் போகிறது, விரிசல் வழியே ஆழத்துக்கு இறங்கிய தண்ணீர் சூடேறி மேலே வருகிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது. நூறு டிகிரி இல்லையே என்று கையை விட்டால் வெந்துவிடும். என் மகள் ஆவியைப் பிடிக்க ஓடினாள், ஓட்டுநர் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். குழந்தைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து கையை விடாதீர்கள்.

குளிக்க வேண்டுமென்றால் சுமதாங். லேயிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர், பூகாவுக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. நாங்கள் திரும்பும்போதுதான் குளித்தோம். ஆற்றங்கரையிலேயே வெந்நீர் ஊறுகிறது, வாளியில் பிடித்துப் பச்சைத்தண்ணீர் விளாவித் தோளில் ஊற்றிக்கொண்டேன், மூன்று நாள் பயண அலுப்பு அப்படியே இறங்கியது. ஆனால் சோப்பு, ஷாம்பூ பாக்கெட்டை மட்டும் அங்கே எடுத்துப் போகாதீர்கள், அந்தத் தண்ணீர் நேராகச் சிந்துவில்தான் விழுகிறது. தலையைத் துவட்டிக்கொண்டே ஆற்றில் ஒரு காலை வைத்தேன். எலும்பு வரைக்கும் சில்லென்று ஏறியது, முதுகில் இன்னும் வெந்நீரின் கதகதப்பு இருந்தது.