சாசேஜில் கொழுப்பைத் தூக்கிவிட்டு எண்ணெய்... நடுவில் நம்ம மண்டபத்துப் பாசி!

(மண்டபம் கடற்கரை. ஒரு கையில் சாசேஜ் பாக்கெட், மறு கையில் தண்ணீர் சொட்டும் பாசி.)

இந்தப் பாக்கெட்டுக்கும் இந்தப் பாசிக்கும் என்ன சம்பந்தம்? கமெண்டில் போட்டுவிட்டு அப்புறம் மிச்சத்தைப் பாருங்கள், கள்ள ஆட்டம் கூடாது.

வெளிநாட்டு சாசேஜ்களில் கால் பங்கு வரைகூடக் கொழுப்பு இருக்கும், பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. அதில் சுமார் 40 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இதயத்துக்கு ஆகாத வகை, சூரியகாந்தி எண்ணெயிலோ 10 பக்கம்தான். மாற்றிவிடலாமே? எண்ணெயை அப்படியே ஊற்றினால் சூடு பட்டதும் வழிந்து, சட்டியில் எண்ணெயும் தட்டில் சக்கையும்தான் மிஞ்சும். தேங்காய் எண்ணெய் உறையுமே என்பீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும், நம்ம ஊர் வெயிலில் நடக்கிற காரியமா? தவிர அதில் 90 சதவீதம் நிறைவுற்றது, பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிடும்.

இப்போது நோன்பு மாசத்துக்கு வாருங்கள். கீழக்கரையில் கடல்பாசி (அகர் அகர்) காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பாசியைக் கொதிக்கவிட்டுக் கரைத்து, தேங்காய்ப்பால், சீனி சேர்த்துத் தட்டில் ஊற்றி ஆறவைத்து, கத்தியால் வில்லை போடுகிறார்கள். அந்த வில்லையை ஆட்டுங்கள். குலுங்கும், ஆனால் ஒரு சொட்டு வழியாது. தேங்காய்ப்பாலில் இருக்கிறதே பொடிப்பொடி எண்ணெய்த் துளிகள், அத்தனையையும் பாசி வலைபோட்டுப் பிடித்து வைத்திருக்கிறது! சாசேஜிலும் இதே வித்தைதான். எண்ணெயைத் தண்ணீரோடும் சோயாப் புரதத்தோடும் அடித்து, காராஜீனன் என்ற பொடியைப் போட்டு உறையவைத்து, அந்தக் கட்டியைக் கொழுப்புக்குப் பதிலாக இறைச்சியோடு அரைக்கிறார்கள்.

காராஜீனன் எதிலிருந்து வருகிறது? என் கையில் இருக்கிற இதிலிருந்துதான். மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுக்கிற 'பெப்சிப் பாசி'. பெப்சி கம்பெனி இங்கே வளர்க்க வைத்ததால் வந்த பெயர், கம்பெனி போய் வருஷக்கணக்காகியும் பெயர் போகவில்லை. இன்னொரு கூத்து, உணவுச் சேர்க்கைப் பட்டியலில் நம்ம கடல்பாசிக்கு எண் 406, காராஜீனனுக்கு 407. அண்ணன் தம்பி!

சிக்கலும் உண்டு. சாசேஜ் நிறம் வெளுக்கும், எண்ணெய் சீக்கிரம் காறலடிக்கும். உப்பும், இறைச்சி கெடாமலிருக்கப் போடும் நைட்ரைட்டும் அப்படியேதான் இருக்கும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது எண்ணெய் மாற்றியதால் ரத்தாகாது. ஆகவே கொட்டை எழுத்தில் 'ஹெல்தி' என்று போட்டிருந்தால் நான் நம்பமாட்டேன்.

உங்கள் ஃப்ரீசரில் பாக்கெட் கிடந்தால் பின்பக்கம் 407 இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இந்தப் பாசியைக் கொடுத்த அக்கா அதைத் திருப்பிக் கேட்கிறார், காயப்போடணுமாம்.