மாதுளம்பழம்: கத்தி தோலோட நிக்கணும்

[காட்சி: பழக்கடைத் தட்டு]

மாதுளம்பழத்தை நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க. நிறம் ரகத்தைப் பொறுத்தது. இப்போ கடைகள்ல அதிகமா வர்ற பக்வா, காவி கலந்த சிவப்பு. கணேஷ் ரகத்துக்கு தோல் வெளிறித்தான் இருக்கும், ஆனா விதை மெத்துனு இருக்கும்.

கையில எடுத்துப் பாருங்க. ஒரே அளவுல ரெண்டு பழம் இருந்தா கனமானது நம்மளது. நல்லா முத்தின பழம் முழு உருண்டையா இருக்காது; உள்ளே முத்துங்க உப்பித் தள்ளுறதால பக்கமெல்லாம் லேசா பட்டையாகி இருக்கும். தோல்ல சின்ன ஓட்டை தெரிஞ்சா புழு துளைச்சது. பளபளனு இருந்தும் கனமே இல்லையா? வச்சிடுங்க. பூவா இருக்கும்போதே உள்ளே நுழைஞ்ச பூஞ்சை நடுவுல கறுப்பா அழுக வச்சிருக்கலாம், வெளியே தெரியவே தெரியாது.

இன்னொண்ணு: பறிச்ச பிறகு மாதுளை பழுக்காது. வீட்டுல வச்சிருந்தா இனிப்பு கூடும்னு காத்திருக்கிறது வீண்.

[காட்சி: பலகை, ஸ்டீல் கத்தி, தண்ணியோட கிண்ணம்]

நடுவுல ரெண்டா வெட்டினா முத்து நசுங்கி சட்டையெல்லாம் கறை. முதல்ல கிரீடம் இருக்கிற பக்கத்தைச் சுத்தி, அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு கத்தியைச் சாய்ச்சுக் கீறி, அந்த மூடியைத் தூக்கிடுங்க. உள்ளே வெள்ளைத் தடுப்புங்க தெரியும், அஞ்சோ ஆறோ. ஒவ்வொரு தடுப்பும் தோலைத் தொடுற இடத்துல இருந்து காம்பு வரைக்கும் ஒரு கோடு கீறுங்க. தோலை மட்டும்தான். அப்புறம் ரெண்டு கட்டைவிரலால பிரிச்சா, பூ விரியுற மாதிரி சுளை சுளையா வந்துடும்.

ஒவ்வொரு துண்டையும் தண்ணிக்குள்ள முக்கி உதிர்த்து விடுங்க. முத்து அடியில தங்கும், சவ்வு மிதக்கும். உடனே வடிச்சு, துணியில ஈரம் ஒத்தி எடுத்துடணும். ஊறினா ருசி தண்ணிக்குப் போயிடும். இரும்பு அரிவாள்மனை வேண்டாம். தோல்ல இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்புல பட்டா வெட்டின இடம், விரல் எல்லாம் கறுத்துடும்.

300 கிராம் பழத்துல ஏறக்குறைய பாதி எடைக்கு முத்து தேறும்.

[காட்சி: மிக்ஸி ஜார்]

ஜூஸ் கசக்குதுன்னா குத்தம் பழத்துல இல்லை, மிக்ஸியில. தொடர்ந்து ஓட விட்டா விதை அரைபட்டு கசப்பும் துவர்ப்பும் இறங்கிடும். விப்பர்ல, அதாவது விட்டு விட்டு ஓட்டுற பக்கம், ஒரு செகண்டா ரெண்டு மூணு தடவை மட்டும் சுத்துங்க. சாறு உடைஞ்சா போதும், விதை முழுசா இருக்கணும். வடிகட்டும்போதும் கரண்டியால அழுத்தித் தேய்க்காதீங்க. ஒரு சிட்டிகை உப்பு போட்டு ருசி பாருங்க. பெரும்பாலும் சர்க்கரையே தேவைப்படாது.

தயிர் சாதத்துக்கு ஆளுக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் முத்து, இலையில வைக்கும்போது. முன்னாடியே கலந்தா உப்பு சாறை இழுத்து சாதம் ரோஸ் கலராகும், முத்தும் துவண்டு போகும்.

வட இந்திய சென்னா மசாலாவுல புளிப்புக்குப் போடுற அனார்தானாவும் மாதுளைதான். இமயமலைப் பக்கம் காட்டுல விளையுற புளிப்பு மாதுளை முத்தைக் காய வச்சது. அதனால புளிச்ச பழம் மாட்டினா தூக்கிப் போடாதீங்க, புதினாச் சட்னியில அரைங்க.

உதிர்த்த முத்து மூடின டப்பாவுல, ஃப்ரிட்ஜ்ல நாலு நாள் தாங்கும். அதுக்கு மேல வேணும்னா தட்டுல ஒரே அடுக்கா பரப்பி ஃப்ரீசர்ல உறைய வச்சு, பிறகு கவர்ல போடுங்க. உருகினதும் முறுமுறுப்பு போயிடும். அது ஜூஸுக்கு மட்டும்தான்.