ஏர் ரைஃபிள் பேரலின் கடைசி மில்லிமீட்டர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியின் இலக்கில் பத்தாம் புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டம்தான். அதைச் சுற்றியுள்ள ஒன்பதாம் வளையம் 5.5 மில்லிமீட்டர். அதன்மேல் விழும் ஈயப் பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். மையத்தை விட்டுக் கால் மில்லிமீட்டர் நகர நகர, ஒரு சூட்டுக்குக் கிடைக்கும் உச்ச மதிப்பெண்ணான 10.9 என்பது 10.8, 10.7 என்று இறங்கிக்கொண்டே போகும். 2008இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பிரிவில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் வென்றதும் இதில்தான்.

இந்த விளையாட்டுக்கு வரும் பிள்ளைகள் பலர் பழைய ரைஃபிளைக் கைமாற்றாக வாங்குகிறார்கள். சில மாதம் நன்றாகச் சுடுகிறது, பிறகு பெல்லட்கள் சிதற ஆரம்பிக்கின்றன. உடனே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பேரல் போச்சு, லேத்தில் கொடுத்து முனையை அரை அங்குலம் வெட்டிவிடுங்கள், புதுசாகிவிடும்." பேரல் என்பது பெல்லட் ஓடி வெளிவரும் குழாய். இந்தப் பேச்சைக் கேட்டு நல்ல பேரல்கள் வீணாவது எனக்குப் பெரிய வருத்தம். பேரலில் வீட்டிலேயே எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, வெடிமருந்தால் சுடும் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் உரிமம் வேண்டும். அதில் வீட்டு வேலைக்கு இடமே இல்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ, பாயின்ட் 177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளையோ உள்ள ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் தேவை. போட்டி ரைஃபிள் 0.53 கிராம் பெல்லட்டை நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. கணக்குப் போட்டால் எட்டு ஜூல்கூட வராது. பத்து மீட்டருக்கு அதுவே தாராளம். வேகத்தைக் கூட்டும் வேலை எதுவும் இந்தப் பேச்சில் கிடையாது.

பேரலை ஏன் வெட்டக் கூடாது? போட்டி பேரல்கள் பலவற்றில் வாய்ப்பக்கம், அதாவது பெல்லட் வெளியேறும் முனையில், கடைசிச் சில சென்டிமீட்டர் துளை, மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு குறுகலாக இருக்கும். இதைச் சோக் என்பார்கள். பெல்லட்கள் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசத்தோடுதான் வருகின்றன. அந்தக் குறுகல் எல்லாவற்றையும் கடைசி நேரத்தில் ஒரே அளவுக்குப் பிடித்து அனுப்புகிறது. இதைக் கையாலேயே உணரலாம். கழற்றிய பேரலின் பின்பக்கத்தில் ஒரு பெல்லட்டை வைத்து, நைலான் உறை போட்ட கம்பியால் மெதுவாகத் தள்ளுங்கள். துளையின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் ஈயத்தைக் கடிக்கும் முதல் இடத்தில் இறுக்கம், பிறகு ஒரே சீரான வழுக்கல், வாய்க்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி இறுக்கம். முனையை அரை அங்குலம் வெட்டினால் அந்த இறுக்கத்தின் ஒரு பகுதியைத்தான் வெட்டி எறிகிறீர்கள்.

லேத் பட்டறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பேரலின் வெளிப்புற உருளையும் உள்துளையும் எப்போதும் ஒரே மையத்தில் இருப்பதில்லை. பட்டறைக்காரர் வெளிப்புறத்தை லேத்தின் பிடியான சக்கில் பிடித்து முனையைச் சீவினால், பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், ஆனால் துளைக்கு அது சாய்வு. துளையை மையமாக வைத்து லேத்தில் நிறுத்தத் தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது.

சரி, சிதறலுக்குக் காரணம் எது? பேரலைச் சந்தேகிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய. தோளில் வைக்கும் கட்டையான ஸ்டாக்கைப் பிடிக்கும் திருகுகள், குறிபார்க்கும் சைட்டின் திருகுகள், பேரலை இறுக்கும் திருகுகள் எல்லாவற்றையும் ஆலன் கீ போட்டுப் பாருங்கள். கையேட்டில் சொன்ன இறுக்கம்தான், அதற்கு மேல் ஒரு பொட்டு வேண்டாம். அளவுக்கு மீறி இறுக்கினாலும் குறி நகரும். அடுத்தது பெல்லட். டப்பாவில் 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருப்பார்கள், எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண்ணும் இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஆனால் வேறு லாட் என்றால் அதே பேரல் வேறு மாதிரி சுடலாம். மடக்கித் திறக்கும் ஸ்பிரிங் ரைஃபிள் என்றால், பேரல் மூடும் இணைப்பின்மேல் ஒரு கீற்று டிஷ்யூ பேப்பரை வைத்துச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் சீல் கசிகிறது. அந்த ரப்பரை மாற்றினாலே போதும், பேரலில் குற்றமில்லை.

சோதிப்பதற்கு ஒரு முறை வேண்டும். ரைஃபிளை மேசையில் மணல் பைமேல் வைத்து, ஒரே லாட் பெல்லட்டில் ஐந்து தாள், தாளுக்குப் பத்துச் சூடு. ஒரே ஒரு தாளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கிளாம்பில் பூட்டிய நல்ல பேரல், பொருந்திய பெல்லட்டோடு, துளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே ஓட்டைபோலத் தரும்.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு டப்பாவுக்கு 500 பெல்லட். இரண்டு மூன்று டப்பா தீர்ந்த பிறகோ, சிதறல் கூடும்போதோ செய்தால் போதும், தினமும் வேண்டாம். சிறு பருத்தித் துணியை நைலான் நரம்பில் கோத்துப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் அழுக்கு உள்ளே இயந்திரத்துக்குள் போய்ச் சேரும். நரம்பு வாய் விளிம்பில் உரசாமல் நேராக இழுக்க வேண்டும். முதலில் உலர்ந்த துணி, அடுத்து ஒரு சொட்டு எண்ணெய் தொட்ட துணி, பிறகு சாம்பல் நிறம் வராத வரைக்கும் உலர்ந்த துணி. இரும்பு பிரஷ் அறவே கூடாது. ஸ்பிரிங் ரைஃபிளில் எண்ணெய் மிச்சமிருந்தால், பிஸ்டன் அழுத்தும் சூட்டில் அது டீசல் எஞ்சினில் எரிவதைப் போல எரிந்து, புகையும் சத்தமுமாக வந்து சீலைக் கெடுத்துவிடும். சுத்தம் செய்த பேரல் உடனே சரியாகச் சுடாது. பெல்லட்டின் மெல்லிய பூச்சு துளையில் மறுபடி படிய பத்திருபது சூடு ஆகும்.

இவ்வளவும் செய்தும் சிதறல் அப்படியே இருந்தால், வாய் விளிம்பைப் பார்க்க வேண்டும். கிரவுன் என்பது அதைத்தான். பெல்லட்டின் பின்பாகம் பாவாடைபோல விரிந்திருக்கும், அதற்குப் பின்னால் அழுத்தக் காற்று நிற்கிறது. பாவாடையின் விளிம்பு பேரலை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில் காற்று சுற்றிலும் ஒரே சமயத்தில் வெளிவர வேண்டும். விளிம்பில் ஒரு பக்கம் சிறு நெளிவோ பிசிறோ இருந்தால், காற்று அந்தப் பக்கம் முந்திக்கொண்டு பெல்லட்டின் வாலைத் தட்டிவிடும். சாட்டை சிக்கி விழுந்த பம்பரமாக அது தலையாட்டிக்கொண்டே போகும். தரையில் முனையை ஊன்றி வைப்பது, சுத்தம் செய்யும் கம்பியின் உரசல், சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் வரும் துரு, இவைதான் வழக்கமான காரணங்கள்.

பார்ப்பதற்கு முன், பெல்லட் உள்ளே இல்லை என்று உறுதி செய்து, காற்றுச் சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. போட்டி ரைஃபிளின் முன்னால் நீண்டு தெரியும் குழாய் முழுவதும் பேரல் இல்லை. முன் சைட்டைத் தள்ளி வைப்பதற்கான வெற்றுக் குழாய் அது. உண்மையான வாய் அதற்குள்ளே இருக்கும். குழாயைக் கழற்றினால்தான் விளிம்பு தெரியும். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியைத் துளைக்குள் விட்டு, விளிம்பை ஒட்டி உள்ளிருந்து வெளியே இழுத்தபடி சுற்றி வாருங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு நார் மாட்டும். எங்குமே மாட்டவில்லை என்றால் விளிம்பைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மாட்டினால், வீட்டிலேயே சரிசெய்யத் தேவையானவை குறைவு: உருண்டைத் தலையுள்ள பித்தளைத் திருகு ஒன்று, வேகம் குறைக்கக்கூடிய டிரில், பைக் ஸ்பேர் கடையில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்டில் நைஸ் வகை. திருகின் தலை எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் அகலம், கோளத்தின் ஒரு துண்டுபோலச் சீராக இருக்க வேண்டும். ஒற்றைக் கோடு வெட்டியது வாங்குங்கள். நட்சத்திரப் பள்ளம் உள்ளதில் பள்ளம் அகலமாக இருந்தால் விளிம்பு அதற்குள் விழுந்துவிடும். பித்தளை ஏன் என்றால், அது எஃகைவிட மெது. பேஸ்டின் மணல் பித்தளையில் பதிந்துகொண்டு எஃகைத் தேய்க்கும். உருண்டைத் தலை ஏன் என்றால், வட்டத் துளையில் உருண்டை தானாகவே மையத்தில் அமரும். லேத்தில் வரும் சாய்வு இதில் வராது.

பேரலைக் கழற்றி, வாய் மேல்நோக்கி இருக்கும்படி துணி சுற்றி வைஸில் மெதுவாகப் பிடியுங்கள். எண்ணெய் தொட்ட பஞ்சைப் பின்பக்கத்திலிருந்து தள்ளி, வாய்க்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். மணல் துளைக்குள் இறங்காமல் அது தடுக்கும். திருகின் தலையில் கடுகளவு பேஸ்ட் போதும். டிரிலை முடிந்தவரை மெதுவாகச் சுற்றவிட்டு, எடையே கொடுக்காமல், கையை எட்டு வடிவில் அசைத்தபடி பத்து விநாடி. நிறுத்துங்கள், துடையுங்கள், லென்ஸில் பாருங்கள். விளிம்பைச் சுற்றி முடி அகலத்தில் பளிச்சென்று ஒரு வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அகலமாகத் தெரிந்தால் கை சாய்கிறது என்று அர்த்தம். வேகம் கூடினால் விளிம்பில் அலையலையாகத் தழும்பு விழும். அழுத்தினால் வளையம் அகன்றுகொண்டே போகும், ஆனால் பிசிறு போகாது. இரண்டு மூன்று தடவையில் வளையம் முழுமையாக வரவில்லை என்றால், அடி ஆழமாக விழுந்திருக்கிறது. அதற்குமேல் வீட்டில் தேய்க்க வேண்டாம். கம்பெனியின் சர்வீஸுக்கோ, துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரிந்த ஆர்மரருக்கோ அனுப்புங்கள்.

வளையம் சீராக வந்ததும், பஞ்சைப் பின்பக்கத்திலிருந்து தள்ளி வாய் வழியாகவே வெளியேற்றுங்கள். பின்னால் இழுத்தால் மணல் முழுத் துளையையும் கீறும். அதன்பின் இரண்டு மூன்று பஞ்சு புதிதாகத் தள்ளி எடுங்கள். விளிம்பை மெட்டல் பாலிஷ் தொட்ட பஞ்சால் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் மெலிதாகத் தடவுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு. பெல்லட்டைத் தொட்டாலும் இதேதான், ஈயம் உடம்புக்குள் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைப் பழக்கமாகவே ஆக்கிவிடுங்கள்.

மாட்டி முடித்ததும், திரும்ப ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் வரை ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு நரம்பு பேரலின் முழு நீளத்துக்கும் ஓடியிருக்கட்டும். அங்கே முதல் இருபது சூட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு பழைய அதே லாட் பெல்லட்டில் ஐந்து தாள். குறியின் இடம் மாறியிருக்கும், சைட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். பார்க்க வேண்டியது சிதறல் சுருங்கியதா என்பதை மட்டும். தேதியும் லாட் எண்ணும் எழுதி, அந்தத் தாள்களை ரைஃபிள் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும்.

வணக்கம்.