துணிக்குவியலின் மேல் ஒரு தாய்

தலைவர் அவர்களே, திரைப்படக் கழகத்து நண்பர்களே,

இன்று மாலை நாம் பார்க்கவிருக்கும் ஜப்பானிய ஆவணப்படத்தில் ஒரு காட்சி வருகிறது. ஹிரோஷிமா மாகாணத்துக் குரே நகரில், மறதிநோய் கண்ட முதிய தாய் ஒருவர் சலவை இயந்திரத்தின் முன்னால் அழுக்குத் துணிகளையெல்லாம் பரப்பிவிட்டு, அவற்றின் மேலேயே படுத்துவிடுகிறார். கழிப்பறைக்குப் போகும் வழி அதுதான் என்பதால், தொண்ணூறு வயதைக் கடந்த கணவர் அவரைத் தாண்டிக்கொண்டு போகிறார். இதைப் படம்பிடிப்பவர் அவர்களுடைய ஒரே மகளான நோபுடோமோ நவோகோ. முதன்முறை இதைப் பார்த்தபோது, எழுந்துபோய் அந்தத் துணிகளை அள்ளி இயந்திரத்தில் போட என் கை பரபரத்தது.

காலமெல்லாம் அந்தத் தாய் செய்துவந்த வேலை, நடந்துகொண்டிருந்தவரை எவர் கண்ணிலும் படவில்லை. நின்றுபோன நாளில்தான் வீடே அதைப் பார்க்கிறது. ஜப்பானியப் பெண்கள் என்றதும் கிமோனோ உடையும் கெய்ஷா எனும் ஆடல்பாடல் மகளிருமே நம் நினைவில் வந்து நிற்கின்றன. அடுப்படியிலும் நோயாளியின் படுக்கையருகிலும் கழிந்த வாழ்வைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பெண் இயக்குநர்களே என்பதைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன்.

அவர்களுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஹனெடா சுமிகோ. 1926இல் சீனாவின் தாலியன் நகரில் பிறந்து, 1950இல் இவனாமி படநிறுவனத்தில் சேர்ந்த அவர், 1957இல் இயக்கிய முதற்படமே கிராமத்துப் பெண்களின் படிப்பு வட்டத்தைப் பற்றியது. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1946 ஏப்ரல் 10 அன்று, ஜப்பானியப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்து, 39 பெண்களைக் கீழவைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனால் வாக்குச்சீட்டு கைக்கு வந்ததாலேயே, மாமியாருக்கும் கணவனுக்கும் முன்னால் வாய் திறக்கும் துணிவு ஒரு விவசாயக் குடும்பத்து மருமகளுக்கு வந்துவிடுமா? வயல்வேலைக்கும் வீட்டுவேலைக்கும் நடுவே நேரம் ஒதுக்கிக் கூடி, தம் கருத்தைப் பிறர் முன் சொல்லப் பழகும் தாய்மார்களை அந்தப் படம் பொறுமையுடன் பார்க்கிறது.

அதே பொறுமையைத்தான் 1986இல் மறதிநோய் கண்ட முதியோரைப் பற்றி அவர் எடுத்த படத்திலும் காண்கிறோம். பிதற்றல் என்று நாம் ஒதுக்கிவிடும் பேச்சுக்கும் செய்கைக்கும் அந்த முதியவர்களிடம் ஒரு காரணம் இருக்கிறது என்பதைக் கேமரா அவர்கள் அருகிலேயே இருந்து கண்டுகொள்கிறது. அந்தப் படத்தின் தலைப்பில் நோயைக் குறிக்க வந்த ஜப்பானியச் சொல் இழிவானது என்று, 2004இல் அரசே அதை மாற்றிவிட்டது. அந்தக் காலத்தில் படுக்கையில் கிடக்கும் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்வது மருமகளின் கடமை என்றே சமூகம் கருதிவந்தது. முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2000 ஏப்ரலில்தான்.

கேமரா பெண்ணின் கையில் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 1936இல் ஜப்பானின் முதல் பெண் இயக்குநரான சகானே தஸுகோ, போர்க்காலத்தில், ஜப்பானின் பிடியில் இருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவுக்குப் போய், அங்கே குடியேறிய ஜப்பானிய விவசாயிகளுக்கு மனைவியாக வருமாறு இளம்பெண்களை அழைக்கும் பிரசாரப் படத்தை 1943இல் எடுத்துக் கொடுத்தார். போர் முடிந்து ஊர் திரும்பியபோது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதைக் காரணம் காட்டி அவருக்கு இயக்குநர் வேலையை மறுத்துவிட்டார்கள். ஒரு பேரரசு தனக்குத் தேவை இருந்த காலம்வரை அவர் திறமையைப் பயன்படுத்திக்கொண்டது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

நோபுடோமோவின் படத்துக்குத் திரும்புகிறேன். அவருக்கு 45 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தபோது, குரேயிலிருந்து டோக்கியோவுக்கு வந்து பார்த்துக்கொண்டவர் இதே தாய்தான். பிறகு தாய்க்கே மறதிநோய் வந்தது. 2017 புத்தாண்டு அன்று மகளை வாழ்த்திய கையோடு, “இந்த வருஷம் எனக்குப் புத்தி தடுமாறப்போகிறது, பார்த்துக்கொள்ளம்மா” என்ற பொருள்பட அவர் சொன்ன வார்த்தையே 2018இல் வெளிவந்த இந்தப் படத்துக்குத் தலைப்பாயிற்று.

வீட்டுவேலை எதையும் செய்து பழகியிராத தந்தை, அந்த வயதில் கடைக்குப் போகிறார், துணி துவைக்கிறார், முதுகு வளைந்தபடியே பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். வெளியாள் உதவி வேண்டாம் என்று தொடக்கத்தில் அவர் பிடிவாதம் பிடித்ததையும் மகள் மறைக்கவில்லை. பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விடுவோரில் பெண்களே மிகுதியாக உள்ள நாடு அது. ஊருக்கே வந்துவிடட்டுமா என்று மகளும் கேட்கிறார். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் வேலையைப் பார் என்று தந்தை சொல்லிவிடுகிறார். அவர் சொன்ன அந்த வேலைதான் சற்று நேரத்தில் இந்தத் திரையில் ஓடப்போகிறது.