நாலு லட்சம் கவர்

நேயர்களுக்கு வணக்கம். தென்கிழக்கு ஆசியாவில் ஓட்டுக்குக் காசு எப்படிப் போகிறது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஒரு இந்தோனேசிய வழக்கை. 2019 ஏப்ரல் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது போவோ சிடிக் பங்கார்சோ என்ற நாடாளுமன்ற உறுப்பினரை அங்குள்ள ஊழல் ஒழிப்பு ஆணையம் பிடித்தது. உரம் ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்தில் லஞ்சம் வாங்கினார் என்று வழக்கு. சோதனையில் 80-க்கும் மேற்பட்ட பெட்டிகள் சிக்கின, உள்ளே சுமார் 4 லட்சம் கவர்கள், ஒவ்வொன்றிலும் 20,000 அல்லது 50,000 ருபியா. தொகையைக் கேட்டு மலைக்க வேண்டாம், நம் பணத்தில் நூறு ரூபாய், இருநூற்றைம்பது ரூபாய், அவ்வளவுதான். வாக்குப்பதிவு அன்று விடியுமுன் வீடு வீடாகப் போவதால் இதற்கு ‘விடியல் தாக்குதல்’ என்றே அங்கே பெயர். அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

சரி, வாக்கு ரகசியமானது, வாங்கினவர் போடுவார் என்று என்ன உத்தரவாதம்? ஒன்றும் கிடையாது. நம் பத்திரிகைகள் காசை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன, ஆனால் ஆராய வேண்டியது காசைக் கொண்டுபோகும் ஆளை. சில பத்து வீடுகளுக்கு ஒருவராக இருக்கும் தெருத் தலைவர், பெண்கள் தொழுகைக் குழுவை நடத்துகிறவர், வாலிபால் டீமுக்கு ஜெர்சி வாங்கித் தரச்சொல்லும் பையன், இப்படிப்பட்டவர்களைச் சேர்த்து ‘வெற்றிக் குழு’ என்று வேட்பாளர் அமைத்துக்கொள்கிறார். அதில் பலர் கவரில் கொஞ்சம் தங்களுக்கும் எடுத்துக்கொள்வார்கள் என்பது வேட்பாளருக்கும் தெரியும். 2019 தேர்தலில் ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 300 வாக்காளர்கள்தான், முடிவும் சாவடிவாரியாக வெளியாகிறது, அதனால் எங்கே ஏமாந்தோம் என்று அவர் கணக்குப் பார்த்துவிடலாம், தோற்றவர் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுப் போனதெல்லாம் செய்தியாகவே வந்திருக்கிறது.

இது இப்படி முற்றியதற்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் காரணம் என்பது என் கருத்து. இந்தோனேசியாவில் ஒரே தொகுதிக்கு ஒரு கட்சி பல வேட்பாளர்களைப் பட்டியலாக நிறுத்தும். 2008 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், அந்தப் பட்டியலில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கே இடம் என்று சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது! ஆனால் அன்றிலிருந்து வேட்பாளருக்கு முதல் எதிரி அவர் கட்சிக்காரரே, கொடியும் சின்னமும் இருவருக்கும் ஒன்றுதான் என்பதால், ஆளாளுக்குச் சொந்தப் படை திரட்டத் தொடங்கினார்கள்.

மலேசியாவில் ஆட்டம் வேறு, அங்கே கொடுப்பது அரசாங்கம். 2010 மே மாதம் சிபு என்ற தொகுதியின் இடைத்தேர்தலில் அன்றைய பிரதமர் நஜிப், எங்கள் ஆள் ஜெயித்தால் வெள்ளத் தடுப்புக்கு 50 லட்சம் ரிங்கிட் என்று மேடையிலேயே பேரம் பேசினார். 398 ஓட்டில் எதிர்க்கட்சி ஜெயித்தது.

அப்புறம், இதை ஆராய்வது எப்படி? “காசு வாங்கினீர்களா?” என்று நேரடியாகக் கேட்டால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு. பாதிப் பேரிடம் நாலு விஷயங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, இதில் எத்தனை உங்களுக்கு நடந்தது, எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள் என்பார்கள். மீதிப் பேருக்கு ஐந்தாவதாகக் காசு வாங்கியதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் எவ்வளவு பேர் வாங்கினார்கள் என்பதற்கு விடை, யார் வாங்கினார் என்று கேட்டவருக்கே தெரியாது.

ஆனால் காசைக் கொண்டுபோகும் ஆளைக் கண்டுபிடிக்க அதுவும் உதவாது. அதற்குத் தேர்தல் பேச்சையே எடுக்காமல், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்க வேண்டும். ஏழெட்டு வீட்டில் ஒரே பெயர் வந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். அவர் எந்த வேட்பாளருக்கு வேலை செய்கிறார் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், சமயத்தில் இரண்டு பேருக்குச் செய்துகொண்டிருப்பார்.