தொங்கினால்தான் பூக்கும்

நேயர்களுக்கு வணக்கம். டிராகன் பழம் இப்போது தள்ளுவண்டியில்கூட விற்கிறது. அது கள்ளிச் செடியில் காய்ப்பது என்றதும், சப்பாத்திக்கள்ளி மாதிரி வேலியோரம் குத்திவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இது வறண்ட நிலத்துக் கள்ளி இல்லை. தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறுகிற கொடி. மட்கு நிறைந்த மண் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும். கோடை வெயில் உச்சத்தில் இளம் செடிக்கு லேசான நிழலும் தேவை, இல்லையென்றால் தண்டு மஞ்சளாகி வெந்துபோகும்.

ஏறுகிற கொடிதான், ஆனால் ஏறும்போது பூக்காது. தொங்கும்போதுதான் பூக்கும். இதை மட்டும் மனதில் வையுங்கள்.

அதனால் முதலில் கம்பம். ஏழடி சிமெண்ட் கம்பத்தில் இரண்டடி மண்ணுக்குள், ஐந்தடி வெளியே. உச்சியில் ஒரு சிமெண்ட் வளையம். பழைய டயரும் கட்டலாம், ஆனால் அறுத்த விளிம்பில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் தண்டைக் கிழிக்கும். மரக்கம்பு வேண்டவே வேண்டாம். செடி இருபது வருஷம் நிற்கும்; கம்பு அதற்குள் கரையானுக்குப் போய்விடும். அப்புறம் அத்தனை பாரமும் தரையில்தான்.

ஒரு கம்பத்துக்கு நான்கு தண்டுத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஓரடி நீளம் இருக்கலாம். வெட்டியதை உடனே நடாதீர்கள். ஒரு வாரம் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்தபின், இரண்டங்குல ஆழத்தில் நடுங்கள். முப்பட்டைத் தண்டின் தட்டையான முகம் கம்பத்தைப் பார்க்கட்டும். பற்றுவேர் அங்கிருந்துதான் வரும். வழியில் கிளம்பும் பக்கக்கிளைகளைக் கிள்ளிவிட்டு, ஒரே தண்டை ஏற்றுங்கள். வளையத்தைத் தாண்டியதும் நுனியை வெட்டுங்கள். இங்கேதான் பலருக்கும் கை வருவதில்லை, நன்றாக வளர்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். வெட்டினால்தான் கிளைக்கும், கிளைத்தால்தான் வளையத்தின் மேல் கவிழ்ந்து தொங்கும். தொங்கினால்தான் பூக்கும், திரும்பவும் சொல்கிறேன்.

அந்தப் பூ ஒரு சாணுக்கும் மேல் நீளமான வெள்ளைப் பூ. பொழுது சாய்ந்து விரியும், காலை வெயில் ஏறினால் வாடும். சொந்தக் காட்டில் வௌவாலும் பெரிய அந்துப்பூச்சிகளும் மகரந்தம் சேர்க்கும்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைச் சதை ரகம் பெரும்பாலும் தானே காய்பிடிக்கும். சிவப்புச் சதை ரகங்கள் பலவற்றுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். இரவு பூ விரிந்ததும் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து, பூவின் நடுவில் நீண்டு நிற்கும் பெண் பாகத்தின் நுனியான சூல்முடியில் தடவுங்கள். சுமார் ஒரு மாதத்தில் பழம். பறித்தபின் இது பழுக்காது, அதனால் தோல் முழுக்க நிறம் ஏறி மூன்று நான்கு நாள் கழித்துப் பறியுங்கள். வணக்கம்.