கலர் கலரா ஸ்விஸ் சார்ட்! தண்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க

வணக்கம் மக்களே! இன்னைக்குச் செம கடுப்புல இருக்கேன். காலையில கடைக்குப் போனா, ஸ்விஸ் சார்ட் கீரை ஒரு கட்டு 4 டாலர் 99 சென்ட். டொராண்டோவுல, அதுவும் சீசன் நேரத்துல! கட்டுன்னா ஏழெட்டு இலை. அதுலயும் ரெண்டு வாடித் தொங்குது. பில் போடுற பொண்ணுகிட்ட "இதுக்கா அஞ்சு டாலர்"னு கேட்டேன், சிரிக்குது. அஞ்சு டாலர்ங்க!

சரி, நம்ம தோட்டத்துக்கு வாங்க. மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், வெள்ளை, ரத்தச் சிவப்பு. இத்தனை கலர் தண்டும் ஒரே விதை பாக்கெட்தான், பேரு பிரைட் லைட்ஸ். 1998-ல, புது விதை ரகங்களுக்குக் கொடுக்குற ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கின ரகம். இது பீட்ரூட்டோட இனம்தான், ஆனா கிழங்கு வைக்காது. ஒரு விதை போட்டா ரெண்டு மூணு முளைக்கும், ஏன்னா அந்த விதையே ஒரு கொத்து. பாவம் பார்க்காம நல்லதா ஒண்ணை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடுங்க. கிள்ளினதை ரசத்துல போடலாம்.

இப்போ நம்ம எதிரி. இலையைத் திருப்புறேன் பாருங்க, அடியில பொடிப்பொடியா வெள்ளை முட்டை, வரிசையா. ஒரு ஈ வச்சது. புழு பொரிஞ்சதும் இலையோட ரெண்டு தோலுக்கும் நடுவுல பூந்துடும். வெயில்ல தூக்கிப் பிடிச்சா உள்ள நெளியுறது தெரியும், உவ்வே! உள்ள போனப்புறம் வேப்பெண்ணெய் அடிச்சும் பெருசா பிரயோஜனமில்ல. விதைச்ச அன்னைக்கே வலை போடணும். கடையில வலை முப்பது டாலர் சொன்னான், போடான்னுட்டேன். இங்க கட்டியிருக்கேனே, கொசுவலை! கீரைதானே, தேனீ வரணும்னு அவசியமில்ல, மூடியே வைக்கலாம். ஆனா போன வருஷம் பீட்ரூட், பாலக் போட்ட பாத்தியில மட்டும் வேணாம். கூட்டுப்புழு மண்ணுக்குள்ளயே இருந்து, வலைக்குள்ளேயே ஈயா கிளம்பும்.

அய்யோ, விட்டுட்டேன். விதையை முந்தின நாள் ராத்திரியே ஊற வைங்க.

அடுப்புக்கு வருவோம். தண்டைக் குப்பையில போடுறவங்க மேல எனக்குத் தீராத கோவம். ருசியே அங்கதான் இருக்கு! பொடியா நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளிச்சு அதுல வதக்குங்க. தண்ணி ஊத்தி வேக வச்சீங்கன்னா கலர் பூரா தண்ணியில போயிடும். கடைசியில தேங்காய்ப்பூ. இலையைப் பாசிப்பருப்புக் கூட்டுல, இறக்குறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி போட்டா போதும். சிவப்புத் தண்டு கூட்டுக்கு வேணாம், பருப்பு ரோஸ் ஆயிடும், எங்க வீட்டு ஐயா தொடவே மாட்டார். உப்பு பாதிதான் போடணும், இந்தக் கீரையிலயே உப்பு உண்டு. கிட்னியில கல் சேர வைக்கிற ஆக்ஸலேட்டும் ஜாஸ்தி, கிட்னி ஸ்டோன் இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க.

பறிக்கும்போது வெளி இலையை மட்டும் ஒடிங்க, குருத்தைத் தொடாதீங்க, வந்துக்கிட்டே இருக்கும். அப்புறம் கொசுவலைக்கு லிங்க் கேக்காதீங்க. அது திருநெல்வேலியில எங்கம்மா வீட்டுப் பரண்ல இருந்து எடுத்துட்டு வந்தது!